இல்லறத்தில் அன்ன தருமம்

சைவ மக்களாகிய நாம் அன்னத்தை வயிற்றுக்கு இடும் பொருளாக மட்டும் கொள்வதில்லை. அம்பாளுக்கு நைவேத்தியமாக வைத்தபின் அது பிரசாதமாகின்றது. அடியார்க்கு இடும்போது மாகேசுவர பூசையாகின்றது. பசித்து வந்தவர்க்கு இடும்போது அறமாகின்றது. எமது ஆலய மகோற்சவ காலத்து அன்னதானத்துக்கு அரிசியோ, மரக்கறியோ, தேங்காயோ, ஒரு கட்டு விறகோ கொண்டுவந்து தராத குடும்பம் இவ்வூரில் இல்லையென்றே சொல்லலாம். கமம் செய்து வாழும் மக்களாகையால் அன்னத்தின் அருமை எமக்கு நன்கு தெரியும்.

எனினும் கோயிற் பந்தியில் நாம் காட்டும் கவனத்தை வீட்டில் சோறு பகிரும்போதும் காட்டுகின்றோமா என்ற கேள்வி நெடுநாளாக அடியேன் மனத்தில் இருந்து வருகின்றது. ஒரு கமக்காரக் குடும்பத்தில் என்ன பயிரிடுவது, எத்தனை மூடை விற்பது, எத்தனை மூடை வீட்டுக்கு வைப்பது, என்ன சமைப்பது, யாருக்கு முதலில் பரிமாறுவது, யார் கடைசியில் உண்பது என்பவற்றை யார் தீர்மானிக்கின்றார்? அவ்வாறு நடப்பது தருமமா, அல்லது பழகிப்போன வழக்கமா? தருமமாயின் அதனைப் பேண வேண்டும். வழக்கம் மட்டுமேயாயின், நல்லதா கெட்டதா என்று ஆராய்ந்து கொள்ளவோ தள்ளவோ எமக்கு உரிமை உண்டு. இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்கப்பட்டபோது இந்த விடயத்தையே எடுத்துக்கொள்ளத் துணிந்தேன்.

வயலும் கொம்பறையும் அடுப்படியும்

கமக்காரர் வீட்டு உணவு மூன்று இடங்களில் தீர்மானிக்கப்படுகின்றது. முதலாவது வயல், இரண்டாவது கொம்பறை, மூன்றாவது அடுப்படி.

வன்னியில் புரட்டாதி, ஐப்பசி மழையோடு காலபோகம் விதைத்துத் தை, மாசியில் அறுவடை செய்கின்றோம். சிறுபோகம் குளத்து நீரைப் பொறுத்தது. எத்தனை ஏக்கர் செய்வதென்று கூட்டம் வைத்து முடிவெடுக்கின்றார்கள். அக்கூட்டத்துக்குப் போய்ப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மேட்டுக்காணியில் கச்சானா, உழுந்தா, மிளகாயா என்று முடிவெடுப்பவர்களும் அவர்களே. ஆனால் களை பிடுங்குவதும், கச்சான் ஆய்வதும், நெல் அவித்துக் காயவைப்பதும், உழுந்து புடைப்பதும், மாட்டுக்கும் கோழிக்கும் தீன் வைப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. இருந்தும் குடும்ப விபரப் படிவங்களில் பெண்ணின் தொழில் என்ற கூட்டில் ‘வீட்டுப்பணி’ என்று எழுதுவதே வழக்கமாக இருந்து வந்தது. காலையில் வயலில் குனிந்தவர் மாலையில் படிவத்தில் காணாமற் போய்விடுகின்றார்.

காணி விடயத்திலும் இந்நிலை இருந்தது. குடியேற்றத் திட்டங்களில் வழங்கப்பட்ட காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரை நியமிக்காது இறந்தால் யாருக்குக் காணி சேரும் என்ற அட்டவணையில் மகன் முதலாகவும் மகள் அடுத்ததாகவும் வைக்கப்பட்டிருந்தார்கள். 2022ஆம் ஆண்டிலேதான் இந்த வேற்றுமை திருத்தப்பட்டது. காணி யாருடைய பெயரிலோ அவருடைய சொல்லே வயலிற் செல்லும். எனவே அட்டவணையின் ஒரு வரி எங்கள் சோற்றுப் பானை வரைக்கும் வந்திருக்கின்றது.

அடுத்தது கொம்பறை. இப்பொழுது பல வீடுகளில் கொம்பறை இல்லை. மூடைகள் அறையில் அடுக்கப்படுகின்றன. அல்லது அடுக்கப்படாமலே களத்திலிருந்து வியாபாரியின் லொறியில் ஏறிவிடுகின்றன. இதற்கு ஆண்களைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. உழவு இயந்திரக் கூலி, பசளைக் கடன், வெட்டு மெசின் கூலி எல்லாம் அறுவடை நாளில் வாசலில் வந்து நிற்கும். விலை குறைந்திருக்கும் அந்த நேரத்திலேயே விற்க வேண்டியதாகின்றது. ஆனால் எத்தனை மூடை விற்றால் போதும், எத்தனை மூடையைத் தொடக்கூடாது என்று வீட்டுக்காரியோடு இருந்து கணக்குப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கணக்குப் பெரிதல்ல. ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்று வைத்தால், ஐந்து பேருள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 550 கிலோ அரிசி வேண்டும். நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி தேறும். அப்படியானால் சுமார் 850 கிலோ நெல், அதாவது 65 கிலோ மூடையில் 13 மூடை. விதைநெல் வேறு. இந்தப் பதின்மூன்று மூடையும் வீட்டில் இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் கடை அரிசிக்குக் கடன் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கணக்கைத் தாளில் எழுதாமலே அறிந்திருப்பவர் நாள்தோறும் சுண்டு கொண்டு அரிசி அளந்து உலையில் இடுபவர். நெல் விற்கும் நாளில் அவரிடந்தான் நாம் கேட்பதில்லை.

மூன்றாவது அடுப்படி. அது பெண்களின் இராச்சியம் என்று பகிடியாகச் சொல்வோம். உழைத்த காசை அப்படியே மனைவி கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் ஆண்களும் இவ்வூரில் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த இராச்சியத்தின் எல்லை எவ்வளவு? என்ன கறி என்று அவர் தீர்மானிக்கின்றார். ஆனால் ‘இவருக்குப் பிடிக்காது’, ‘பெடியன் தொடமாட்டான்’ என்று பார்த்தே தீர்மானிக்கின்றார். தமக்கு விருப்பமான பாகற்காய்க் கறியை எத்தனையோ ஆண்டுகளாகச் சமைக்காத தாய்மார் இருக்கின்றார்கள். ‘உங்களுக்கு என்ன கறி விருப்பம்?’ என்று அவர்களிடம் கேட்டால் உடனே பதில் சொல்லத் தெரியாது. கேட்டுப் பழக்கமில்லை.

அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். களஞ்சிய இருப்புக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு ஒருவரிடமும், களஞ்சியத் திறப்பு இன்னொருவரிடமும் இருந்தால் அந்த அலுவலகம் சீராக நடவாது. குறைவு வந்தால் பழி பொறுப்பாளருக்கு. நிறைவு வந்தால் பெருமை திறப்பு வைத்திருப்பவருக்கு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். அகப்பையைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுச் சட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவரிடம் கேளாமல் விடுவது நீதியாகுமா?

கடைசியில் உண்பவர்

எமது வீடுகளில் முதலில் வீட்டுத் தலைவரும் ஆண்பிள்ளைகளும், பின்னர் பெண்பிள்ளைகள், எல்லோரும் எழும்பிய பின் தாய் உண்பது நீண்டகால வழக்கம். வயலிலிருந்து களைத்து வந்தவருக்கு முதலில் இடுவது அன்பு. அதிற் பிழையில்லை. ஆனால் முதலில் உண்பவர் சட்டியை எட்டிப் பார்ப்பதில்லை. மூன்றாந்தரம் சோறு போட்டுக்கொள்ளும்போது, பின்னால் இருப்பவருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று எண்ணுவதில்லை. கடைசியில் தாய் சட்டியடியில் ஒட்டியதைச் சுரண்டிச் சொதி விட்டுக் குழைத்துக்கொள்கின்றார். கேட்டால் ‘எனக்குப் பசியில்லை’ என்கின்றார். எனது தாயாரும் அப்படித்தான் சொல்வார். எமது தலைமுறையில் அநேகமானோரின் தாய்மார் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

கடைசியில் உண்பவருக்குக் குறைவது சோறு மட்டுமல்ல. சோற்றை ஈடுசெய்யலாம், கறியை ஈடுசெய்ய முடியாது. பருப்பு, கீரை, முட்டை, மச்சம் சமைக்கும் நாளில் நல்ல துண்டு என்பவை முன்பந்தியிலேயே முடிந்துவிடும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணின் உடலுக்கு ஆணைவிட அதிக இரும்புச்சத்து வேண்டும் என்பதும், கர்ப்ப காலத்தில் அத்தேவை மேலும் கூடும் என்பதும் மருத்துவர்கள் சொல்லும் உண்மை. உடலுக்குக் கூடுதலாக வேண்டியவருக்கு வீட்டில் குறைவாகக் கிடைக்கின்றது. பெண்பிள்ளைகளுக்கும் சிறுவயதிலேயே ‘கொஞ்சம் பொறு, அண்ணா முதலிற் சாப்பிடட்டும்’ என்று பழக்கிவிடுகின்றோம்.

திரிபோஷாவை எடுத்துக்கொள்வோம். 1973ஆம் ஆண்டு முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்குமென்று வழங்கப்பட்டு வரும் சத்துமா அது. கிளினிக்கில் அந்தப் பைக்கற்றைத் தாயின் கையில் கொடுத்து விடுகின்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அது சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருண்டையாகி எல்லோருக்கும் பகிரப்படுகின்றது. யாருடைய உடலுக்கென்று கொடுக்கப்பட்டதோ அவருக்குக் கிடைப்பது ஓர் உருண்டை. பகிர்ந்தவரும் அவரே. பகிராவிட்டால் ‘தான் மட்டும் ஒளித்துத் தின்கிறாள்’ என்ற பேச்சு வரும்.

2021ஆம் ஆண்டு பசளைத் தடையால் விளைச்சல் குறைந்து, 2022ஆம் ஆண்டு அரிசி, மா, எரிவாயு, மண்ணெண்ணெய் எல்லாம் விலையேறிக் கிடைக்காமலிருந்த நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்நாட்களில் வீட்டில் ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டி வந்தபோது அது பெரும்பாலும் தாயினுடையதாகவே இருந்தது. யாரும் கூடிப் பேசி அப்படி முடிவெடுக்கவில்லை. பேசாமலே முடிவாகிவிட்டது.

இதில் அதிகாரம் எப்போதும் ஆணிடம் மட்டும் இருப்பதாகவும் சொல்லக்கூடாது. மூத்த பெண்கள் தாம் பட்டதையே இளையவர்களும் பட வேண்டும் என்று நினைப்பதுண்டு. மருமகள் முதலிற் சாப்பிட்டால் அதனைக் குறையாகப் பேசுபவர்கள் பல வேளைகளிற் பெண்களே. ஆகவே இது ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையிலான வழக்கல்ல. வீடு முழுவதும் சேர்ந்து சிந்திக்க வேண்டியது.

விரதமும் பட்டினியும்

‘பெண்கள் மனம் விரும்பித்தானே செய்கிறார்கள்? அது அவர்களின் தியாகமல்லவா?’ என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தியாகம் சைவ வாழ்வின் உயர்ந்த குணம்.

கந்தசஷ்டியிலும் கேதாரகௌரி விரதத்திலும் எமது பெண்கள் உபவாசம் இருக்கின்றார்கள். அந்தப் பசிக்கு ஒரு சங்கற்பம் உண்டு. எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும் என்ற எல்லை உண்டு. முடிவில் பாறணை உண்டு. வீட்டார் எல்லோருக்கும் அவர் விரதம் என்பது தெரியும். அன்று அவரை வேலை ஏவாமல் மதிக்கின்றார்கள். சட்டியடியைச் சுரண்டும் பசிக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. சங்கற்பம் இல்லை, எல்லை இல்லை, பாறணை இல்லை. வீட்டாருக்கு அது தெரியவும் தெரியாது. முன்னையது விரதம், பின்னையது பட்டினி. இரண்டிலும் வயிறு ஒன்றுபோலக் காய்ந்தாலும் தருமத்தில் இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்றும் சிந்திக்க வேண்டும். தானம் என்றால் என்னுடையது என்று ஒன்று இருக்க வேண்டும். அதை வைத்துக்கொள்ளவும் எனக்கு உரிமை இருக்க வேண்டும். அப்படியிருந்தும் கொடுத்தால் அது தானம். பங்கு என்று ஒன்றே குறிக்கப்படாதவர், ‘தரமாட்டேன்’ என்றால் ஊர்ப்பழி சுமக்க வேண்டியவர், விட்டுக்கொடுப்பதை முழுமையான தியாகம் என்று எப்படிச் சொல்வது? அது மட்டுமல்ல. தானம் பெற்றவர் தாம் பெற்றதை அறிந்து நன்றி பாராட்ட வேண்டும். நாமோ அவருடைய பங்கை உண்டுவிட்டு, உண்டது தெரியாமலே கை கழுவுகின்றோம். தாயின் தியாகத்தைப் போற்றுகின்றோம் என்றால், முதலில் அவருடைய பங்கை அவருக்கு முன் வைக்க வேண்டும். அதன்பின் அவர் விரும்பிக் கொடுத்தால் அது தியாகம்.

இல்வாழ்வானுக்குரிய கடமைகளைச் சொல்லவந்த திருவள்ளுவர், இறந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் ஆகிய நால்வரோடு தன்னையும் ஐந்தாவதாகச் சேர்த்துப் பேணச் சொல்லியிருக்கின்றார். தன்னைப் பேணுவதும் அறத்துள் அடங்கியது. எமது தாய்மார் நான்கு கடமைகளைக் குறைவின்றிச் செய்து ஐந்தாவதை விட்டுவிடுகின்றார்கள். அந்த ஐந்தாவதற்கு இடம் கொடாதவர்கள் நாம்.

நாயன்மார் இல்லங்கள்

‘இது மேல்நாட்டுப் பேச்சு’ என்று ஒதுக்குபவர்களுக்காகப் பெரியபுராணத்தைப் பார்ப்போம். ஆவணி மகத்தில் குருபூசை கொண்டாடப்படும் இளையான்குடி மாற நாயனார் எம்மைப்போல ஒரு கமக்காரர். செல்வம் எல்லாம் போய் வறுமையுற்ற காலத்தில், மழை பெய்யும் இரவிலே சிவபெருமான் அடியார் வேடத்தில் பசியோடு வந்து நிற்கின்றார். வீட்டில் ஒன்றுமில்லை. நாயனார் மனைவியாரிடம் என்ன செய்வோம் என்று கேட்கின்றார். அன்று பகல் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம் என்று வழி சொன்னவர் அந்த அம்மையார். நாயனார் இருட்டிலே கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வயலுக்குப் போய் நெல்லை வாரி வருகின்றார். விறகு இல்லை என்று அம்மையார் சொல்லக் கூரையின் மரத்தை வெட்டிக் கொடுக்கின்றார். கறிக்குக் கீரை பறித்துக் கொடுக்கின்றார். அம்மையார் நெல்லை வறுத்துக் குற்றி அமுதாக்குகின்றார்.

ஒரு கமக்காரருக்கு விதைநெல்லைவிடப் பெரிய சொத்து எது? அதனை எடுப்பதா விடுவதா என்பது அந்த வீட்டின் ஆகப்பெரிய தீர்மானம். அதைச் சொன்னவர் மனைவி, செய்தவர் கணவர். ‘வயல் விடயத்தில் உனக்கென்ன பேச்சு?’ என்று நாயனார் கேட்கவில்லை. கீரை பறிப்பதும் விறகு தேடுவதும் தமது வேலையல்ல என்று இருக்கவுமில்லை. இருவருக்கும் சேர்த்தே இறைவன் சிவலோகம் அளித்தார்.

காரைக்கால் அம்மையார் வரலாறு வேறொன்றைச் சிந்திக்க வைக்கின்றது. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை, பசியோடு வந்த அடியார்க்குச் சோற்றோடு இட்டார் புனிதவதியார். கறி ஆயத்தமாகவில்லை, பசியோ பொறுக்காது. அவர் செய்தது அறம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் கணவன் மற்றக் கனியையும் கேட்டபோது, ‘கொடுத்துவிட்டேன்’ என்று சொல்லாமல் உள்ளே போய் இறைவனை நினைந்து நின்றார். இறைவன் கனி தந்து காத்தருளினான். எமது வீடுகளில் அப்படிக் கனி வருவதில்லை. அயல்வீட்டுக்கு ஒரு கொத்து அரிசி கொடுத்துவிட்டு, கணவன் கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கி நிற்கும் பெண்கள் இன்றும் உண்டு. அறம் செய்த ஒருவர் அதற்காக அஞ்சி நிற்க வேண்டிய வீட்டில் ஏதோ ஒன்று சீர்பட வேண்டியிருக்கின்றது.

சிவபெருமானே அன்னபூரணியிடம் ஓடேந்தி நிற்கும் படத்தைப் பூசையறையில் வைத்திருக்கின்றோம். அப்படத்தில் அன்னத்துக்கு உரியவள் அம்பிகை. அவள் பிறர் கொடுத்ததை எடுத்து வைப்பவளாகக் காட்டப்படவில்லை.

கோயிலிலும் வீட்டிலும்

சமைப்பது பெண்ணுக்கே இயற்கையாக விதித்தது என்பாரும் உளர். அப்படியானால் மடைப்பள்ளியில் நைவேத்தியம் ஆக்குபவர் யார்? அன்னதானத்துக்குக் கிடாரத்தில் சோறு வடிப்பவர்கள் யார்? ஆண்கள். நூற்றுக்கணக்கானோருக்குச் சாம்பார் வைக்கத் தெரிந்தவர் தமது வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு பருப்புக்கறி வைப்பதைக் குறைவாக நினைக்கக் காரணம் இல்லை. கோயிலில் கரண்டி பிடித்தால் தொண்டு, வீட்டிற் பிடித்தால் இழிவு என்பது எந்த ஆகமத்திலும் சொல்லப்படவில்லை.

பெண்களால் வெளி விடயங்களைத் தீர்மானிக்க முடியாது என்பதும் சரியல்ல. 2009ஆம் ஆண்டில் முடிந்த போருக்குப் பின்னர், கணவனை இழந்தும், காணாமற்போனவரைத் தேடியபடியும் குடும்பத்தைத் தனித்துச் சுமந்த சகோதரிகள் எமது மாகாணத்தில் அநேகம். அவர்கள் உழவு இயந்திரக்காரரிடம் கூலி பேசினார்கள். வியாபாரியிடம் விலை பேசினார்கள். எத்தனை மூடை விற்பது, எத்தனை வைப்பது என்று தாமே முடிவெடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். துன்பம் வந்தபின் அவர்களிடம் கண்டு வியந்த திறமை, துன்பம் வராத வீட்டுப் பெண்களிடமும் இருக்கின்றது. அதனை ஏற்றுக்கொள்ள ஒரு துன்பம் வரவேண்டுமா?

நாம் செய்யக்கூடியவை

பெரிய புரட்சி ஒன்றும் வேண்டியதில்லை. அறுவடை முடிந்து நெல் விற்க முன், கணவன் மனைவி இருவரும் இருந்து வீட்டு மூடைகளை எண்ணிப் புறம்பாக அடுக்குங்கள். அந்த மூடைகளை இருவரின் சம்மதமின்றித் தொடாதீர்கள். மேட்டுக்காணியில் என்ன விதைப்பது என்று பேசும்போது, வீட்டுக் கறிக்கு வேண்டிய ஒரு பாத்தியை அவர் சொற்படி ஒதுக்குங்கள். முதலில் உண்ண இருப்பவர், சட்டியைப் பார்த்து எல்லோருடைய பங்கையும் எண்ணிய பின் தமது கோப்பையில் இடட்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் முதலில் இடுங்கள். திரிபோஷாவை அவருக்கே விடுங்கள். மாதத்தில் சில நாட்களாவது வீட்டார் எல்லோரும் ஒரே நேரத்தில் இருந்து உண்ணுங்கள். தைப்பூசத்தில் புதிர் உண்ணும் நாளில் நாம் அப்படித்தானே செய்கின்றோம்? ஆண்பிள்ளைகளுக்கும் உலை வைக்கவும் கோப்பை கழுவவும் பழக்குங்கள்.

ஆலயமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். அன்னதான நாளில் விடியற்காலையிலேயே வந்து மரக்கறி வெட்டி, தேங்காய் துருவி, இலை துடைத்துக் கொடுக்கும் தாய்மார் கடைசிப் பந்தியில் சோறும் மோரும் மட்டும் கிடைத்து உண்பதைக் கண்டிருக்கின்றோம். வரும் மகோற்சவத்தில் அவர்களுக்குரிய கறிகளை முதலிலேயே புறம்பாக எடுத்து வைத்து, இளைஞர்கள் பரிமாற, அவர்களை இருத்தி உண்ணச்செய்ய வேண்டுமென்று பரிபாலன சபைக் கூட்டத்தில் பிரேரிக்க எண்ணியுள்ளேன். அன்னதானப் பட்டியலைத் தயாரிக்கும் குழுவிலும் பெண்கள் இருக்க வேண்டும். எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி என்பது அவர்களுக்குத் தெரியும்.

கோயிலில் பழகுவது வீட்டுக்கும் வரும். எமது வீடுகளில் சோறு ஆக்குபவர் பசியோடு படுக்காதிருக்கவும், கமம் பெருகவும், கொம்பறை நிறையவும், இல்லங்கள்தோறும் அன்னபூரணியாய் விளங்கும் எங்கள் அம்பாளின் திருவடிகளை வணங்கி அமைகின்றேன்.

சுபம்.